கலந்து மேயும் ஹெர்ரிங் மீன்களைத் தொகுதிவாரியாகப் பிரித்தறிதல்: ஸ்காகெராக் – கட்டெகாட் கடற்பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வட கடலும் பால்டிக் கடலும் சந்திக்கும் ஸ்காகெராக், கட்டெகாட் பகுதிகளில் இரு வேறு ஹெர்ரிங் மீன் தொகுதிகள் கலந்து மேய்கின்றன. அவற்றுள் ஒன்று பெரியது, மற்றது நலிந்தது. பிடிபட்ட மீன்களை உரிய தொகுதியின் கணக்கில் சேர்ப்பதற்குப் பயன்பட்டுவரும் முள்ளெலும்பு எண்ணிக்கை, செவிக்கல் நுண்ணமைப்பு, மரபணு அடையாளம் ஆகிய மூன்று வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு முறையின் பிழை எத்திசையில் சாய்கிறது என்பது நலிந்த தொகுதியின் மதிப்பீட்டை எவ்வாறு மாற்றுகிறது என்பதைக் கணக்கீடுகள்வழி எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஹெர்ரிங், மீன் தொகுதி, கலப்புப் பிடிப்பு, முள்ளெலும்பு, செவிக்கல், மரபணு அடையாளம், பிடிப்பு வரம்பு

முன்னுரை

கோடைக்காலத்தில் ஸ்காகெராக் நீர்ப்பரப்பில் இழுக்கப்படும் ஒரு வலையில் ஆயிரக்கணக்கான ஹெர்ரிங் மீன்கள் சிக்குகின்றன. நம் கடற்கரையில் கிடைக்கும் சாளைக்கு உறவுடைய இம்மீன்கள் நிறத்தாலும் உருவாலும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் அடுத்தடுத்துக் கிடக்கும் இரு மீன்களுள் ஒன்று ஸ்காட்லாந்துக் கரையோரம் இலையுதிர்காலத்தில் பொரித்ததாகவும், மற்றொன்று ஜெர்மனியின் ரூகன் தீவை ஒட்டிய ஆழமற்ற விரிகுடாவில் இளவேனிலில் பொரித்ததாகவும் இருக்கக்கூடும். இரண்டும் முதிர்ந்தபின் முட்டையிடச் செல்லும் கடல்களும் வேறு, பருவங்களும் வேறு.

ஒரே இடத்தில், ஒரே பருவத்தில் முட்டையிட்டுப் பெரும்பாலும் தம்முள்ளேயே பெருகி, பிடிப்பின் விளைவைத் தனித்துத் தாங்கும் மீன்களின் கூட்டத்தை மீன்வள அறிவியல் தனியொரு தொகுதியாகக் கொள்கிறது. ஆண்டுதோறும் எவ்வளவு பிடிக்கலாம் என்ற வரம்பு உயிரினத்திற்கு விதிக்கப்படுவதன்று. இத்தகைய தொகுதிக்கு விதிக்கப்படுவது. ஆகவே இரண்டு தொகுதிகள் ஒரே வலையில் விழும் இடத்தில், மொத்தப் பிடிப்பை எடைபோட்டுப் பதிவு செய்வதோடு கணக்கு முடிவதில்லை. அவ்வெடையில் எவ்வளவு எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்பது தெரிந்தாக வேண்டும். தெரியாவிடின், பெரிய தொகுதியின் செழிப்பு சிறிய தொகுதியின் அழிவை மறைத்துவிடும். மொத்தப் பிடிப்பு ஆண்டுக்காண்டு சீராகவே இருக்கையில், அதனுள் ஒரு பங்கு ஓசையின்றிக் குறைந்துகொண்டே போகும்.

இரு தொகுதிகளின் வாழ்க்கைப் பாதை

வட கடல் இலையுதிர்காலத் தொகுதி, ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான காலத்தில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து ஆகியவற்றின் கிழக்குக் கரையை ஒட்டிய சரளைக்கல் நிறைந்த கடலடியில் முட்டையிடுகிறது. அதன் ஒரு கிளை மட்டும் தெற்கே சென்று ஆங்கிலக் கால்வாய்ப் பகுதியில் டிசம்பர், சனவரித் திங்கள்களில் முட்டையிடும். பொரித்த இளவுயிரிகள் நீரோட்டத்தில் மிதந்து பல மாதங்களில் வட கடலைக் கிழக்கு நோக்கிக் கடக்கின்றன. அவற்றுள் ஒரு பெரும் பகுதி ஸ்காகெராக், கட்டெகாட் பகுதிகளில் இளம்பருவத்தைக் கழித்து, முதிர்ச்சியடையும் தறுவாயில் மீண்டும் மேற்கே திரும்பிவிடும்.

மேற்குப் பால்டிக் இளவேனில் தொகுதியின் பாதை இதற்கு எதிர்த்திசையிலானது. மார்ச்சு முதல் மே வரை ரூகன் தீவின் தெற்கே உள்ள கிரைஃப்ஸ்வால்டர் போடன் என்னும் விரிகுடாவே இதன் முதன்மையான முட்டையிடும் களம். அதன் சராசரி ஆழம் ஏறத்தாழ 6 மீட்டர்தான். ஒட்டுந்தன்மையுடைய முட்டைகள் அங்குள்ள நீர்த்தாவரங்களில் படிகின்றன. முட்டையிட்டு முடித்த பெரிய மீன்கள் டென்மார்க்கின் நீரிணைகள் வழியாக வெளியேறிக் கட்டெகாட், ஸ்காகெராக், வட கடலின் கிழக்கு ஓரம் ஆகிய இடங்களில் கோடை முழுதும் மேய்ந்து, குளிர்காலத்தில் டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடைப்பட்ட எரசுண்ட் நீரிணையில் தங்குகின்றன.

இதனால் கலப்பு எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் அமைவதில்லை. கட்டெகாட்டில் பிடிபடும் இளமீன்களுள் இலையுதிர்காலத்தவை மிகுந்தும், முதிர்ந்த மீன்களுள் இளவேனிலவை மிகுந்தும் காணப்படும். திங்கள், இடம், வயது ஆகிய மூன்றும் மாற விகிதமும் மாறும். ஓர் ஆண்டில் கண்ட விகிதத்தை மறு ஆண்டுக்கும் பெயர்த்து எழுத முடியாமைக்கு இதுவே காரணம். மாதிரி எடுப்பது ஆண்டுதோறும் தொடர வேண்டிய பணியாகிவிடுகிறது.

முள்ளெலும்புகளை எண்ணுதல்

ஹெர்ரிங் ஒரே பெருங்கூட்டம் என்று கருதப்பட்ட காலம் ஒன்றுண்டு. 1746-இல் வெளிவந்த தம் நூலில் ஹாம்பர்க் நகரின் மேயராக இருந்த யோகான் ஆண்டர்சன், இம்மீன்கள் துருவப் பனிக்கடலிலிருந்து ஆண்டுதோறும் திரளாகப் புறப்பட்டு ஐரோப்பியக் கரைகளுக்குப் பிரிந்து வருகின்றன என்ற விளக்கத்தை முன்வைத்தார். அக்கருத்து நெடுங்காலம் செல்வாக்குடன் நிலவியது. ஹெல்கோலாந்துத் தீவின் உயிரியல் நிலையத்திற்குத் தலைமையேற்றிருந்த ஃபிரீட்ரிக் ஹைன்கே, 1898-இல் வெளியிட்ட ஹெர்ரிங் பற்றிய பெருநூலில் இதனை மறுத்தார். முள்ளெலும்புகளின் எண்ணிக்கை உள்ளிட்ட பல உடற்பண்புகளை ஏராளமான மீன்களில் எண்ணி அளந்த அவர், அவை இடத்திற்கு இடம் வேறுபடும் தனித்தனிக் குழுக்களே என்று காட்டினார். தனியொரு மீனைக் கொண்டு எதையும் சொல்ல இயலாது. பல மீன்களின் சராசரியும் பரவலும்தான் குழுவை அடையாளம் காட்டும் என்ற அவருடைய அணுகுமுறை, 1902-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுக் கடலாய்வு மன்றத்தின் தொடக்ககால ஆய்வுகளில் ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தியது.

அவ்வழியின் தொடர்ச்சியை அம்மன்றத்தின் ஹெர்ரிங் மதிப்பீட்டுக் குழு நெடுங்காலம் கையாண்ட ஒரு சூத்திரத்தில் காணலாம். இலையுதிர்காலத் தொகுதியின் முள்ளெலும்புச் சராசரி 56.50 என்றும், இளவேனில் தொகுதியின் சராசரி 55.80 என்றும் கொள்ளப்பட்டன. கலப்பு மாதிரியின் சராசரியை 56.50-இலிருந்து கழித்து, இரண்டிற்குமான வேறுபாடாகிய 0.70-ஆல் வகுத்தால் இளவேனில் மீன்களின் பங்கு கிடைக்கும். ஒரு மாதிரியின் சராசரி 56.22 எனில், 0.28-ஐ 0.70-ஆல் வகுக்க 0.40 வருகிறது, அதாவது 40 விழுக்காடு.

எளிமையும் செலவுக்குறைவும் இம்முறையின் வலிமை. அதன் மெலிவு அந்த 0.70-இல்தான் இருக்கிறது. சராசரியில் 0.07 மட்டும் பிசகினால் விடையில் 10 விழுக்காட்டுப் புள்ளி மாறிவிடும். ஒரு தொகுதிக்குள்ளேயே மீனுக்கு மீன் முள்ளெலும்பு எண்ணிக்கை வேறுபடும். அவ்வேறுபாட்டின் திட்ட விலக்கத்தை எடுத்துக்காட்டுக்காக 0.8 என்று கொள்வோமாயின், 50 மீன்கள் கொண்ட மாதிரியின் சராசரியில் திட்டப் பிழை ஏறத்தாழ 0.11 ஆகும். பங்கின் அளவில் அது 16 விழுக்காட்டுப் புள்ளி. 40 விழுக்காடு என்று கிடைத்த விடை, உண்மையில் 10-க்கும் குறைவாகவோ 70-ஐ எட்டியதாகவோ இருப்பதற்கும் இடமுண்டு. 400 மீன்களை எண்ணினால் திட்டப் பிழை 6 புள்ளியளவுக்குக் குறையும்.

மீன்களின் எண்ணிக்கையைக் கூட்டித் தீர்க்க முடியாத இடர்ப்பாடு வேறொன்று உண்டு. முள்ளெலும்பு எண்ணிக்கை மரபால் மட்டும் அமைவதில்லை; முட்டையிலும் இளவுயிரிப் பருவத்திலும் நீரின் வெப்பநிலை அதனை மாற்றுகிறது. பொதுவாகக் குளிர்ந்த நீரில் வளர்ந்த மீன்களுக்கு முள்ளெலும்புகள் மிகும். எனவே 56.50, 55.80 என்னும் அடிப்படை எண்கள் எல்லா ஆண்டுகளிலும் பொரித்த மீன்களுக்கும் மாறாமல் பொருந்துமென்று உறுதி கூற இயலாது. அளவுகோலே ஆண்டுக்காண்டு சற்று நீளவும் சுருங்கவும் கூடும் என்பதை மறந்து அளப்பது போன்றது இது.

செவிக்கல் காட்டும் பிறந்த பருவம்

மீனின் தலைக்குள் உட்செவியில் அமைந்துள்ள சுண்ணாம்புக் கற்களைச் செவிக்கற்கள் என்பர். மரத்தில் ஆண்டு வளையம் விழுவதுபோல இவற்றில் ஆண்டு வளையங்கள் விழுவதும், அவற்றைக் கொண்டு மீனின் வயதைக் கணிப்பதும் நெடுநாள் வழக்கம். அவ்வளையங்களுக்குள்ளும் நாள்தோறும் ஒரு மெல்லிய படலம் படிகிறது என்பதை 1971-இல் ஜியோர்ஜியோ பனெல்லா சுட்டிக்காட்டினார். கலப்புத் தொகுதிகளைப் பிரிக்கும் முயற்சிக்கு அக்கண்டறிதல் புதியதொரு வாயிலைத் திறந்தது.

செவிக்கல்லைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நடுக்கரு புலப்படும்வரை நுணுக்கமாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் காண வேண்டும். இலையுதிர்காலத்தில் பொரித்த இளவுயிரி, இரை குறைந்த குளிர்காலத்தைக் கடந்தாக வேண்டும். அதன் வளர்ச்சி மெதுவானது. நாள் வளையங்கள் நெருங்கி அமையும். கடுங்குளிரில் பொரித்தவற்றில் தொடக்க வளையங்கள் ஒளி நுண்ணோக்கியால் பிரித்தறிய முடியாத அளவுக்கு நெருங்கியிருப்பதும் உண்டு. இளவேனிலில் பொரித்ததோ வெப்பமும் இரையும் பெருகும் காலத்தில் வளர்வதால் அதன் வளையங்கள் அகன்று விரியும். மீன் எத்தனை வயதுக்கு வளர்ந்தாலும் முதல் சில வாரங்களின் இப்பதிவு கல்லின் நடுவே அழியாமல் இருந்துவிடுகிறது.

முள்ளெலும்பு முறையோடு ஒப்பிடுகையில் இங்கு ஓர் அடிப்படை மாற்றம் நிகழ்ந்துள்ளது. முன்னது கூட்டத்தின் சராசரியிலிருந்து பங்கைக் கணித்தது. பின்னது ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனியே பிறந்த பருவத்தைச் சொல்கிறது. இதனால் எடை, வயது, நீளம் ஆகியவற்றைத் தொகுதிவாரியாகப் பகுத்துக் காண முடிகிறது. எனினும் செவிக்கல் சொல்வது பொரித்த பருவத்தை மட்டுமே. இளவேனிலில் பொரித்த எல்லா மீன்களும் ரூகன் பகுதியைச் சேர்ந்தவை அல்ல. நார்வே, சுவீடன் கரையோரங்களிலும் இளவேனிலில் முட்டையிடும் சிறு குழுக்கள் உள்ளன. "இலையுதிர்காலமா, இளவேனிலா" என்று இரண்டே விடைகளை அனுமதிக்கும் முறை, மூன்றாவதாக வரும் மீனையும் இவ்விரண்டில் ஒன்றில் திணித்துவிடும். அவ்வாறு திணிக்கப்படும் கரையோர மீன்கள் மேற்குப் பால்டிக் தொகுதியின் கணக்கிலேயே சேர்ந்தன.

பிழை எத்திசையில் சாய்கிறது

தனித்தனி மீனை அடையாளம் காணும் முறை 95 விழுக்காடு சரியானது என்று அறிவிக்கப்படும்போது அது போதுமானதென்றே தோன்றும். ஓர் எளிய கற்பனைக் கணக்கு இத்தோற்றத்தைச் சோதிக்க உதவும். 2,000 மீன்கள் கொண்ட மாதிரியில் 100 மட்டுமே இளவேனில் மீன்கள் என்க. அவற்றுள் 95 சரியாக அறியப்படும். எஞ்சிய 1,900 இலையுதிர்கால மீன்களுள் 5 விழுக்காடு, அதாவது 95 மீன்கள், தவறுதலாக இளவேனில் என்று குறிக்கப்படும். ஆக, இளவேனில் கணக்கில் சேர்வது 190 மீன்கள். அவற்றுள் பாதி உண்மையில் மற்றத் தொகுதியைச் சேர்ந்தவை. 5 விழுக்காடாக இருக்க வேண்டிய பங்கு 9.5 விழுக்காடாகப் பதிவாகிறது.

இளவேனில் மீன்களே மிகுந்த மாதிரியில் பிழை எதிர்ப்புறம் சாயும். 2,000-இல் 1,900 இளவேனில் மீன்கள் எனில், சரியாக அறியப்படுபவை 1,805; தவறாகச் சேர்பவை 5; பதிவாகும் பங்கு 95-க்குப் பதிலாக 90.5 விழுக்காடு. இரு நிலையிலும் பிழை விடையை நடுவை நோக்கி இழுக்கிறது. மீன்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதால் இச்சாய்வு நீங்காது. 20,000 மீன்களை ஆய்ந்தாலும் 9.5 என்றே வரும்.

இதற்கு மாற்று கடினமன்று. பிழைவீதம் முன்னரே தெரிந்திருப்பின், பதிவான பங்கிலிருந்து தவறாகச் சேரும் வீதத்தைக் கழித்து, சரியாக அறியும் வீதத்திற்கும் தவறாகச் சேரும் வீதத்திற்கும் உள்ள வேறுபாட்டால் வகுக்க வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 0.095-இலிருந்து 0.05-ஐக் கழித்து 0.90-ஆல் வகுக்க 0.05 மீண்டும் கிடைக்கிறது. தனி மீனின் அடையாளம் வேறு, கலப்பின் விகிதம் வேறு. விகிதத்தை அறிவதற்குத் தனி மீன்களின் அடையாளங்களை வெறுமனே கூட்டினால் போதாது. இவ்வேறுபாடு எளிதாக மறக்கப்படுகிறது. பிழைவீதத்தை அறிய, எத்தொகுதியைச் சேர்ந்தவை என்பதில் ஐயமில்லாத மீன்கள் தேவை. அவற்றை முட்டையிடும் களத்திலேயே, முட்டையிடும் தறுவாயில் எடுக்க வேண்டும். வேறெங்குக் கலந்தாலும் அங்கே மட்டும் அவை கலப்பதில்லை என்பதே எல்லா முறைகளும் ஊன்றி நிற்கும் தரை.

நலிந்த தொகுதியின் பிடிப்பு மிகையாகப் பதிவாவது எச்சரிக்கைக்கு உதவும், ஆகவே கேடில்லை என்று எண்ணத் தோன்றும். மதிப்பீடு நிகழும் விதத்தை நோக்கினால் அவ்வெண்ணம் நிலைக்காது. வயதுவாரி மதிப்பீட்டு முறைகள், ஓராண்டில் பொரித்த மீன்களுள் பிற்காலத்தில் பிடிபட்டவற்றையும் இயற்கையாக இறந்தவற்றையும் கூட்டியே தொடக்கத்தில் எத்தனை இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணிக்கின்றன. பிறருடைய மீன்கள் கணக்கில் சேர்ந்தால், அத்தனை பிடிப்பையும் தாங்கிய தொகுதியாக அது பெரிதாகத் தோன்றும். குறைவாகப் பதிவானாலோ, உண்மையில் அதன்மீது விழும் பிடிப்பின் சுமை கண்ணுக்குப் படாது. இரு பக்கத்திலும் பாதுகாப்பான பிழை என்று ஒன்றில்லை.

மரபணு தந்த புதிய அடையாளம்

மரபணு ஆய்வு தொடக்கத்தில் ஏமாற்றத்தையே தந்தது. ஹெர்ரிங் தொகுதிகளில் மீன்களின் எண்ணிக்கை மிகப் பெரிது. அத்தகைய பெருங்கூட்டங்களில் தற்செயலான மரபு விலகல் மிக மெதுவாகவே நிகழும். தகவமைப்போடு தொடர்பற்ற மரபு அடையாளங்களை ஒப்பிட்டபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மீன்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றின.

2016-இல் அட்லாண்டிக் ஹெர்ரிங்கின் முழு மரபணு வரிசை வெளியிடப்பட்ட பின்னர் நிலைமை மாறியது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய அவ்வாய்வும் அதனைத் தொடர்ந்தவையும், மரபணு வரிசையின் பெரும்பகுதி எல்லாக் குழுக்களிலும் ஒத்திருக்க, குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் மிகக் கூர்மையான வேறுபாடுகள் இருப்பதைக் காட்டின. முட்டையிடும் பருவத்தோடு தொடர்புடைய இடங்கள் அவற்றுள் முதன்மையானவை. தைராய்டைத் தூண்டும் இயக்குநீரை ஏற்கும் புரதத்திற்கான மரபணுப் பகுதி இளவேனில் மீன்களிலும் இலையுதிர்கால மீன்களிலும் தெளிவாக வேறுபடுகிறது. பகல்நேரத்தின் நீட்சிக்கேற்ப இனப்பெருக்கத்தைத் தொடங்கிவைப்பதில் இப்புரதத்திற்குப் பங்குண்டு என்பது பறவை, பாலூட்டி ஆய்வுகளாலும் அறியப்பட்டது. பால்டிக்கின் உப்புக்குறைந்த நீருக்கும், அங்கு ஊடுருவும் ஒளியின் நிறத்திற்கும் ஏற்ப அமைந்த வேறுபாடுகளும் காணப்பட்டன.

பழைய முறைகளால் இயலாதது இங்கே இயல்கிறது. பருவத்தைக் காட்டும் அடையாளங்களோடு உப்புத்தன்மைக்கான அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்கையில், இளவேனிலில் முட்டையிடும் மீன்களுள்ளும் மேற்குப் பால்டிக்கினவை எவை, நடுப் பால்டிக்கினவை எவை, நார்வேயினவை எவை என்று பிரிக்க முடிகிறது. துடுப்பின் சிறு துணுக்கே ஆய்வுக்குப் போதும். நீரின் வெப்பநிலை மாறுவதால் ஒரு மீனின் மரபணு மாறுவதில்லை. ஆதலால் அடிப்படை மாதிரியை ஆண்டுதோறும் புதிதாக எடுக்க வேண்டிய தேவையும் குறைகிறது. அண்மைய ஆண்டுகளில் ஹெர்ரிங் மதிப்பீடு இத்திசையில் நகர்ந்து வருகிறது.

இம்மாற்றம் நீண்டகாலத் தரவுத் தொடருக்கு ஒரு சிக்கலையும் உண்டாக்குகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் செவிக்கல்லால் பிரித்த பிடிப்பும் இன்று மரபணுவால் பிரிக்கும் பிடிப்பும் ஒரே அளவுகோலில் எடுக்கப்பட்டவை அல்ல. முன்பு இளவேனில் தொகுதியில் சேர்ந்த நார்வே மீன்கள் இப்போது வெளியேறிவிட, தொகுதி திடீரெனக் குறைந்ததுபோல் தோன்றலாம். ஒரே மீன்களை இரு முறைகளாலும் ஆய்ந்து ஒப்பிட்டு, பழைய தொடரைத் திருத்தியமைத்த பின்னரே இரண்டையும் இணைக்க முடியும். ஆய்வகங்களில் உலர்ந்த செவிக்கற்களை எறியாமல் காத்து வைப்பதன் அருமை இங்கே விளங்கும். அவற்றில் ஒட்டியிருக்கும் திசுவிலிருந்து பழைய மீன்களின் மரபணுவையும் பெற இயலும்.

ஒதுக்கீடும் நலிந்த தொகுதியும்

வட கடல் ஹெர்ரிங் 1970-களில் மிகைப்பிடிப்பால் சரிந்து, 1977-இல் அதன் மீன்பிடிப்பு மூடப்பட்டு, 1980-களின் தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. மீண்டெழுந்த அத்தொகுதிக்கு 2022-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 4 லட்சம் டன் வரை பிடிக்க அனுமதி இருந்தது. அதே காலத்தில் மேற்குப் பால்டிக் இளவேனில் தொகுதியின் நிலை வேறு. 2019-ஆம் ஆண்டுக்கு அத்தொகுதியிலிருந்து ஒரு மீனும் பிடிக்கலாகாது என்று பன்னாட்டுக் கடலாய்வு மன்றம் 2018-இல் அறிவுரைத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே அறிவுரை தொடர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ஆம் ஆண்டுக்கு மேற்குப் பால்டிக்கில் விதித்த வரம்பு 788 டன். ஹெர்ரிங்கைக் குறிவைத்துப் பிடிப்பது தடைசெய்யப்பட்டு, 12 மீட்டருக்குக் குறைவான படகுகளில் செவுள்வலை போன்ற நிலைவலைகளைக் கொண்டு தொழில் செய்வோருக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது.

இவ்விரு எண்களையும் அருகருகே வைத்தால் பிரித்தறிதலின் எடை புலப்படும். 4 லட்சம் டன்னில் ஒரு விழுக்காடு என்பது 4,000 டன். அது 788 டன்னைப்போல் ஐந்து மடங்கு. பெரிய தொகுதியின் கணக்கில் புறக்கணிக்கத்தக்க ஒரு பிழை, சிறிய தொகுதிக்கு அதன் முழு ஒதுக்கீட்டையும் விஞ்சிவிடும். ரூகன் கரையில் வலையைச் சுருட்டி வைத்த சிறுதொழில் மீனவர், தம் மீன்கள் கோடையில் ஸ்காகெராக்கில் பெரிய கப்பல்களின் வலையில் வேறொரு தொகுதியின் பெயரால் விழுகின்றனவா என்று கேட்பது நியாயமே. அதற்கு எண்ணால் விடை கூறுவது மேற்கண்ட ஆய்வுமுறைகளின் பொறுப்பு.

விகிதம் தெரிந்தபின் செய்யக்கூடியவை சில உண்டு. ஸ்காகெராக், கட்டெகாட்டிற்கான ஒதுக்கீட்டின் ஒரு பகுதியை வட கடலில் பிடித்துக்கொள்ள ஐரோப்பிய ஒன்றியமும் நார்வேயும் இடந்தருகின்றன. பிடிப்பு மேற்கே நகர நகர வலையில் இளவேனில் மீன்களின் பங்கு குறையும். ஆனால் வட கடலின் கிழக்கு ஓரத்திலும் அவை கோடையில் மேய்வதால், எவ்வளவு தொலைவு, எந்தத் திங்களில் நகர வேண்டும் என்பதும் மாதிரிகள் சொல்ல வேண்டிய விடைதான்.

இத்தொகுதியின் நலிவுக்குப் பிடிப்பு மட்டுமே காரணமன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். குளிர்காலம் வெப்பமடைந்து வருவதால் கிரைஃப்ஸ்வால்டர் போடனில் மீன்கள் முன்னதாகவே முட்டையிடுகின்றன. இளவுயிரிகள் தமக்குரிய இரை பெருகுவதற்கு முன்பே பொரித்துவிடுகின்றன என்று அங்கு நடந்த ஆய்வுகள் கூறுகின்றன. பிடிப்பை முற்றிலும் நிறுத்தினாலும் இளமீன் வரவு உடனே பழைய அளவுக்குத் திரும்புமென்று எதிர்பார்க்க முடியாது. பிடிப்பால் இறந்தவை எத்தனை, பொரித்தும் பிழைக்காமற்போனவை எத்தனை என்று பிரித்துக் காண்பதற்கும் தொகுதிவாரிப் பிடிப்புக் கணக்கே தேவைப்படுகிறது. அந்தக் கணக்கின் முதல் வரி, ஸ்காகெராக்கில் இழுத்த வலையிலிருந்து எடுத்த ஒரு துடுப்புத் துணுக்கில் தொடங்குகிறது.